பழைய கணினியைச் சத்தமில்லாமல் குளிர வைப்பது: மலையகத்து வீட்டுக்கு ஓர் ஆரம்ப விளக்கம்

கொழும்பில் ஒரு பழைய பென்டியம் 4 கணினியை ஓட விட்டால் அதன் இரைச்சல் அவ்வளவாகத் தெரியாது. தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றும், வெளியே வாகனங்கள் போகும், அந்தச் சத்தத்தில் இதுவும் கரைந்துவிடும். அதே பெட்டியை நுவரெலியாவுக்கோ தலவாக்கலைக்கோ கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது. தகரத்தில் மழை அடிக்காத இரவென்றால் வீடு முழுக்க அந்த விசிறிச் சத்தம்தான். லயத்து வீடென்றால் இன்னும் சிரமம்: கணினி இருக்கும் அதே காம்பிராவில்தான் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

அதனால் பழைய கணினிமேல் ஆசை வைத்த பலர் கடைசியில் அதைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம். பழைய கணினி அவ்வப்போது ஓடினால்தான் நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் கெட்டுப்போகும். சத்தத்தைக் குறைத்துவிட்டால் தாராளமாக ஓட விடலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை. கொஞ்சம் பெரிய ஒரு விசிறி, ஒரு வெப்ப சென்சர், ஆர்டுயினோ மாதிரி, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட், இவ்வளவு போதும். ஆனால் சாமான் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்வது நல்லது.

விசிறி குளிரைத் தருவதில்லை

கணினிக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் உள்ளே போனால் 100 வாட் வெப்பம். விசிறியின் வேலை சூடான காற்றை வெளியே தள்ளி, அந்த இடத்துக்கு அறைக் காற்றை வர வைப்பது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை விசிறி பூட்டினாலும் ஒரு சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

எல்லாப் பழைய கணினிக்கும் விசிறி தேவையும் இல்லை. 1982இல் வந்த கொமடோர் 64க்குள் விசிறியே கிடையாது. 386 சிப்புகள் பெரும்பாலும் ஹீட் சிங்க் (சிப்பின் வெப்பத்தை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) கூட இல்லாமல் ஓடியவை. 486 காலத்தில் ஹீட் சிங்க் வந்தது, அதன்மேல் சின்ன விசிறியும் வந்து உட்கார்ந்தது. 1999இல் வந்த பென்டியம் 3 வரை நிலைமை கட்டுக்குள் இருந்தது. அந்தச் சிப்புகள் பெரும்பாலும் 35 வாட்டுக்குள் அடங்கும். பிறகுதான் வெப்பம் எகிறியது. 2004இல் வந்த பிரெஸ்கொட் வகை பென்டியம் 4இல், 3 கிகாஹேர்ட்ஸ் சிப்புக்கு இன்டெல் குறித்திருக்கும் வெப்ப அளவு 89 வாட். உங்களிடம் இருப்பது இந்தக் காலத்துப் பெட்டி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

வெப்பம் அதிகமானால் சிப்பை விட முதலில் பாதிக்கப்படுவது மதர்போர்டில் நிற்கும், மின்சாரத்தைச் சற்றுச் சேர்த்து வைக்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்கள். உள்ளே திரவம் உள்ள அந்த எலக்ட்ரோலிட்டிக் வகைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 10 பாகை வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும். 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல மதர்போர்டுகளில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் தலை வீங்கிக் கசிந்தது உலகம் முழுக்க நடந்த விஷயம். உங்கள் போர்டில் அவை இன்னும் தட்டையான தலையோடு நிற்கின்றன என்றால், அவற்றைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. அதற்காக விசிறியை முழு வேகத்தில் அலற விட வேண்டும் என்று இல்லை. அது ஏன் என்பதற்கு நம் மலைக்காற்றிலேயே பதில் இருக்கிறது.

மலைக்காற்றின் கணக்கு

காற்று எவ்வளவு வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும் என்பது அதன் எடையைப் பொறுத்தது. விசிறியோ எடையைப் பார்ப்பதில்லை, ஒரு சுற்றுக்கு இவ்வளவு கனவளவு என்றுதான் தள்ளும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கன மீற்றர் காற்றின் எடை, கொழும்புக் காற்றை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் ஆறில் ஒரு பங்கு வெப்பத்தைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். இதைக் கேட்டதும் மலையில் இன்னும் வேகமான விசிறி வேண்டுமோ என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

100 வாட் எடுக்கும் ஒரு கணினியை வைத்துக்கொள்வோம். பெட்டியை விட்டு வெளியேறும் காற்று 38 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று நாம் ஓர் எல்லை வைக்கிறோம். கொழும்பில் அறை 28 பாகை என்றால் காற்று 10 பாகைதான் சூடாக இடம் இருக்கிறது. அந்த 10 பாகைக்குள் 100 வாட்டையும் வெளியே கொண்டுபோக வினாடிக்கு ஏறக்குறைய 8.5 லீற்றர் காற்று ஓட வேண்டும். நுவரெலியாவில் அறை 16 பாகை என்று எடுத்தால் 22 பாகை இடம் கிடைக்கிறது. காற்று மெலிந்திருப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 4.6 லீற்றர் போதும். ஏறக்குறைய பாதி. மெல்லிய காற்றால் நாம் இழப்பதை விடக் குளிர்ந்த காற்றால் கிடைப்பது மிக அதிகம்.

எல்லா ஊருக்கும் இதே எண் பொருந்தாது. ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1,200 மீற்றர் உயரத்தை ஒட்டியவை, அங்கே இலாபம் கொஞ்சம் குறையும். பதுளை 700 மீற்றருக்கும் கீழே, பகல் வெயிலில் அங்கே அறை கொழும்பு மாதிரியே சூடாகலாம். அங்கே இருப்பவர் நுவரெலியாக் கணக்கை நம்பி விசிறியைக் குறைத்து வைத்தால் பிற்பகலில் பெட்டி கொதிக்கும். ஒரே ஊரில்கூட அதிகாலைக்கும் நடுப்பகலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஆகவே ஒரு வேகத்தை நிரந்தரமாகப் பூட்டி வைக்காமல், வெப்பத்தைப் பார்த்து வேகத்தை மாற்றுவதுதான் சரியான வழி. மைக்ரோகொன்ட்ரோலர் இங்கே எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் விடை.

பாதி வேகம் என்றால் எவ்வளவு அமைதி?

ஒரு விசிறி பாதி வேகத்தில் சுற்றினால் தள்ளும் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் சத்தம் அதைவிட மிக வேகமாக விழுகிறது. விசிறிப் பொறியியலில் வழக்கமாக எடுக்கும் கணக்கின்படி வேகம் பாதியானால் சத்தம் 15 டெசிபெல் அளவு குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அப்படியானால் 15 டெசிபெல் எவ்வளவு பெரிய நிம்மதி என்று பாருங்கள். மோட்டர் எடுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

"சைலன்ட்" என்று பெட்டியில் அச்சடித்த விலைகூடிய விசிறியை வாங்கி முழு வேகத்தில் சுற்ற விடுவதை விட, சாதாரண விசிறியை மெதுவாகச் சுற்ற விடுவது எப்போதும் அமைதியானது என்பது என் கருத்து. விட்டமும் முக்கியம். பழைய பெட்டிகளில் 80 மில்லிமீற்றர் விசிறிதான் அதிகம். பெட்டியில் இடம் இருந்தால் 120 மில்லிமீற்றர் போடுங்கள், அது குறைந்த வேகத்திலேயே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும்.

காற்று எந்த வழியாகப் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கீழிருந்து பெரிய விசிறி காற்றை ஊதும், மேலே வலைத்தட்டில் கொழுந்து பரப்பியிருக்கும். ஓரிடத்தில் கொழுந்து மெல்லிசாக இருந்தால் காற்று எல்லாம் அந்த இடத்தைத் தேடி ஓடிவிடும், தடிப்பாகக் கிடக்கும் இடம் வாடாது. கணினிப் பெட்டியிலும் அதே கதைதான். பின்பக்கம் கழற்றிவிட்ட கார்டின் துவாரம் திறந்து கிடந்தால், விசிறி அந்தத் துவாரம் வழியாகவே காற்றை இழுத்து உடனே வெளியே தள்ளிவிடும், சிப்புக்குப் பக்கத்தில் காற்று அசையவே அசையாது. அந்தத் துவாரங்களைத் தகடு போட்டு மூடுங்கள். பட்டையாகத் தொங்கும் ரிப்பன் கேபிள்களை ஓரமாக மடித்துக் கட்டுங்கள். முன்பக்கக் கீழ்த் துவாரத்துக்கு அருகில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட்டுப் போனால் சரி. இந்த வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் பல நேரம் விசிறி மாற்றுவதை விட அதிக பலன் தரும்.

எல்லாச் சத்தமும் விசிறியுடையது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய தகரப் பெட்டி விசிறியோடு சேர்ந்து அதிரும். பழைய த்ரீவீலர் டியூபைச் சின்ன வட்டங்களாக வெட்டி விசிறிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து இறுக்கினால் அந்த அதிர்வு அடங்கும். தொடர்ந்து ஊளையிடும் மெல்லிய சத்தம் வந்தால் அது ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக ஐடிஇ (பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பு) அடப்டரில் ஒரு கொம்பக்ட் ஃபிளாஷ் மெமரி கார்ட் போட்டால், பெரும்பாலான பழைய மதர்போர்டுகள் அதை ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காலையில் போட்டதும் கிரீச்சிட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கும் விசிறி என்றால், பேரிங் எண்ணெய் வற்றியோ தடித்தோ போயிருக்கிறது. அதை மாற்றிவிடுவது நல்லது.

வயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம்

கடையில் விசிறி கேட்டால் "ரெண்டு வயரா, மூணு வயரா, நாலு வயரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேள்வி சரியானது. இரண்டு வயர் விசிறிக்கு மின்சாரம் மட்டும் தெரியும். மூன்றாவது வயர், தான் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று விசிறி நமக்குத் திருப்பிச் சொல்வதற்கு. நான்காவது வயர், எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று நாம் விசிறிக்குச் சொல்வதற்கு. ஆரம்பிப்பவர்கள் நான்கு வயர் விசிறியையே வாங்குங்கள். ஹட்டனிலோ கண்டியிலோ கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிடலாம். இரண்டு, மூன்று வயர் விசிறிகளையும் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்கு மின்சாரத்தையே வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று ஒன்று வேண்டும். அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

இப்போது வயரை உற்றுப் பாருங்கள். மூன்று வயர் விசிறியில் வழக்கமாகக் கறுப்பு என்பது கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்), சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் வயர். இன்டெல் முறைப்படி வந்த நான்கு வயர் விசிறியில் கறுப்பு கிரவுண்ட்தான், ஆனால் மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத்தைச் சொல்வது, நீலம் கட்டளை. ஒன்றில் செய்தி கொண்டுவரும் மஞ்சள், இன்னொன்றில் 12 வோல்டைச் சுமக்கிறது. பவர் சப்ளையிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு வரும் பெரிய நான்கு துவாரப் பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். மூன்று வயர் விசிறியின் சிவப்போ 12 வோல்ட் கேட்கும். சில கம்பனிகள் நான்கு வயரையும் கறுப்பாகவே விடுகின்றன. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள்: விசிறிப் பிளக்கில் முதல் பின் (pin, இணைப்பு ஊசி) கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகச் செய்தி, நான்காவது கட்டளை. இந்த வரிசை மூன்று பின்னிலும் நான்கு பின்னிலும் ஒன்றுதான். மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

மைக்ரோகொன்ட்ரோலர் என்ன செய்கிறது

மைக்ரோகொன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய ஒரு முழுக் கணினி. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் 2 கிலோபைட் ராம் மட்டுமே, ஆனால் அது 16 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசி ஓடியது 4.77 மெகாஹேர்ட்ஸில். அந்தக் காலத்துக் கணினிக்கு விசிறி பார்த்துக்கொள்ளும் இந்தச் சின்னச் சிப், கடிகார வேகத்தில் அதை விட மூன்று மடங்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

தனியாக ஒரு போர்ட் எதற்கு, மதர்போர்டே செய்யாதா என்று கேட்கலாம். பழைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் நான்கு பின் விசிறி இணைப்பு கிடையாது, பலவற்றில் வேகத்தைக் குறைக்கும் வசதியே இல்லை. தனிப் போர்ட் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பழைய கணினியில் எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் பிளக்கில் ஒரு இரட்டைப் பிரிப்பு வயர் போட்டு அதிலிருந்து 12 வோல்டை விசிறிக்கும், 5 வோல்டை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னுக்கும் கொடுத்தால் போதும். நாளைக்குக் கழற்றிவிட்டால் கணினி முன்பு இருந்த மாதிரியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: இப்படி 5 வோல்ட் கொடுத்திருக்கும்போது யூஎஸ்பி வயரையும் செருக வேண்டாம். புரோகிராமை முதலில் ஏற்றிவிட்டு, யூஎஸ்பியைக் கழற்றி, அப்புறம் பெட்டிக்குள் பூட்டுங்கள்.

வெப்பத்தை அளக்க டிஎஸ்18பி20 என்ற சென்சர் நல்லது. மூன்று கால்கள், விலை குறைவு, -10 முதல் 85 பாகை வரை அரைப் பாகைக்குள் சரியாகச் சொல்லும். தரவுக் காலுக்கும் 5 வோல்டுக்கும் நடுவில் ஒரு 4.7 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். சென்சரை ஹீட் சிங்கின் அடிப்பகுதி ஓரத்தில், விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் ஒட்டுங்கள்.

கட்டளை வயரில் போவது, மிக வேகமாக மாறி மாறி வரும் ஆன், ஓஃப் துடிப்பு. துடிப்பின் பாதி நேரம் ஆன் என்றால் விசிறி அதை ஏறக்குறைய பாதி வேகம் என்று எடுத்துக்கொள்ளும். இன்டெல் முறைப்படி இந்தத் துடிப்பு வினாடிக்கு 25,000 முறை வர வேண்டும். மனிதக் காதுக்கு உச்ச எல்லை 20,000, அதனால் இது யாருக்கும் கேட்காது. ஆர்டுயினோ ஊனோவின் 9ஆம் பின் சாதாரணமாகக் கொடுப்பதோ வினாடிக்கு 490 முறை. விசிறி அதை ஒழுங்காக ஏற்றுக்கொள்ளாமல் முனகலாம். ஆகவே சிப்பின் முதலாம் டைமரைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அது 0இலிருந்து 320 வரை எண்ணி, பிறகு திரும்ப 0 வரை இறங்கி எண்ணும்படி வைத்தால் ஒரு சுற்றுக்கு 640 படிகள். சிப்பின் 16 மெகாஹேர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சத்தை, 640ஆல் வகுத்தால் 25,000. புரோகிராமில் இது சில வரிகள்தான்.

9ஆம் பின்னை நேராக விசிறியின் நீல வயரில் கொடுத்தாலும் வேலை செய்யும். நான் நடுவில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் (என்பிஎன் வகை) போடச் சொல்வேன். அதற்குப் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள். 9ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக அதன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் விசிறியின் கட்டளை வயருக்கு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் மின்தடையும் இருக்கட்டும். நான்கு வயர் விசிறியின் கட்டளை வயரை யாரும் கீழே இழுக்காமல் சும்மா விட்டால் அது முழு வேகத்தில் ஓடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆர்டுயினோ செத்தாலோ வயர் கழன்றாலோ ட்ரான்சிஸ்டர் இழுப்பதை விட்டுவிடும், விசிறி முழு வேகத்துக்குப் போகும். சத்தம் வரும், ஆனால் கணினி பிழைக்கும். இந்த முறையில் துடிப்பு தலைகீழாக மாறும் என்பதால் புரோகிராமிலும் தலைகீழாகப் போட வேண்டும். போர்ட் விழித்தெழும் முதல் நொடியில் பின்கள் எல்லாம் சும்மா இருப்பதால், விசிறி முழு பலத்தோடு சுற்றத் தொடங்கும். நுவரெலியாக் குளிரில் விறைத்துக் கிடக்கும் பேரிங்குக்கு அந்த முதல் உந்துதல் தேவையும்கூட.

புரோகிராம் தொங்கிப்போனால் என்ன ஆகும் என்பதை ஆரம்பிப்பவர்கள் யோசிப்பதில்லை. டைமர் தனி வன்பொருள் என்பதால், புரோகிராம் நின்றுவிட்டாலும் கடைசியாகச் சொன்ன வேகத்தையே அது கொடுத்துக்கொண்டிருக்கும். கணினி சூடேறினாலும் விசிறிக்குத் தெரியாது. இதற்காகவே சிப்புக்குள் வொட்ச்டோக் என்ற காவல் டைமர் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் புரோகிராம் அதைத் தட்டாவிட்டால் சிப்பை அது மறுபடி தொடக்கிவிடும். இதைக் கட்டாயம் இயக்கி வையுங்கள்.

வேகத்தை எப்படி மாற்றுவது? ஹீட் சிங்க் 35 பாகைக்குக் கீழே என்றால் 25 சதவீதம், 50 பாகைக்கு மேலே என்றால் 100 சதவீதம், நடுவில் சீராக ஏறட்டும். இவை தொடங்குவதற்கான எண்கள், உங்கள் பெட்டியைப் பார்த்து மாற்றுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் விசிறிக்கு விசிறி நடத்தை மாறும், சில நின்றேவிடும். இன்னொன்று, வெப்பம் ஒரு பாகை ஏறி இறங்கும்போதெல்லாம் விசிறியும் ஏறி இறங்கினால் அது தொடர்ந்த சத்தத்தை விடத் தொந்தரவு. காது மாற்றத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே வெப்பம் 2, 3 பாகை இறங்கிய பிறகே வேகத்தைக் குறையுங்கள், குறைப்பதையும் கூட்டுவதையும் படிப்படியாகச் செய்யுங்கள்.

மூடுபனியும் ஈரமும்

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் எதுவுமே காய்வதில்லை. ஊவாப் பக்கத்தில் இதே நிலைமை டிசம்பரை ஒட்டி வரும். இவ்வளவு ஈரத்தில் வெளிக்காற்றைக் கணினிக்குள் இழுத்தால் தண்ணீர் படியாதா என்று கேட்பவர்கள் அநேகம். படியாது. முதலில் சொன்னதுதான்: விசிறியால் எதையும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது, அறையை விடக் குளிர்ந்த பொருளில்தான் ஈரம் படியும். பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) போட்டு உறைய வைக்கும் குளிரூட்டல்தான் நம் ஊருக்கு ஆபத்து. அதைத் தொடவே வேண்டாம்.

மெதுவான விசிறிக்கு இங்கே இன்னொரு பலமும் உண்டு. 16 பாகையில் 95 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, பெட்டிக்குள் 27 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீர் அதேதான், சூடான காற்று அதிகம் தாங்கும், அவ்வளவே. விசிறி அலறிக்கொண்டு சுற்றினால் பெட்டிக்குள்ளும் அறையின் ஈரம்தான் இருக்கும். மெதுவாகச் சுற்றினால் உள்ளே வெதுவெதுப்பு நிற்கும், போர்ட் உலர்ந்திருக்கும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒன்றிரண்டு மணித்தியாலம் கணினியை ஓட விடச் சொல்வது இதற்காகத்தான்.

விறகடுப்புப் புகை இதைவிடப் பெரிய பிரச்சினை. புகையின் பிசுக்கும் தூசியும் ஈரமும் சேர்ந்து ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரிப் படியும். அடுப்படிப் பக்கம் காற்று இழுக்காத மூலையில் கணினியை வையுங்கள். இரண்டாவது டிஎஸ்18பி20 ஒன்றைக் காற்று நுழையும் இடத்தில் வைத்தால் இன்னொரு வசதியும் கிடைக்கும். அதே விசிறி வேகத்தில் உள்ளே வரும் காற்றுக்கும் ஹீட் சிங்குக்கும் உள்ள வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், தூசி தட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம்

பழைய பெட்டிகளில் அதிகம் கத்துவது பல நேரம் பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறிதான். ஆனாலும் அதற்குள் கை வைக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 325 வோல்ட் நேரோட்டமாக மாறிக் கெபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கலாம். 486 காலத்து ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்க சுவிட்சுக்கே நேராக 230 வோல்ட் வரும், முன் தகட்டைக் கழற்றும்போது அதை மறக்க வேண்டாம். அந்த விசிறியை மாற்றுவதென்றால் பவர் சப்ளை திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். பவர் சப்ளைக்கு வெளியே நாம் பூட்டும் பெரிய விசிறி பெட்டிக்குள் வெப்பத்தைக் குறைப்பதால், வேகம் தானாக மாறும் வகைப் பவர் சப்ளை என்றால் அதன் சத்தமும் கொஞ்சம் இறங்கும்.

ஓட்டிப் பார்ப்பது

எல்லாம் பூட்டியதும் பெட்டியின் மூடியைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் காற்றோட்டமே வேறு. அரை மணித்தியாலம் கனமான ஒரு வேலையைக் கொடுங்கள், அந்தக் காலத்து விளையாட்டு ஒன்றின் டெமோவை ஓட விட்டாலும் போதும். அறை அன்று எத்தனை பாகை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் எடுத்த எண்ணைப் பங்குனி வெயிலில் நம்ப முடியாது, ஏப்ரல் மாதத்தில் ஒரு பிற்பகலில் மறுபடி சோதியுங்கள்.

கடைசியாக விசிறியின் மூன்றாவது வயர். ஒரு சுற்றுக்கு அது இரண்டு துடிப்புத் தரும், ஆகவே வினாடிக்கு வரும் துடிப்பை 30ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். வினாடிக்கு 20 துடிப்பு என்றால் 600 சுற்று. வேகமாகச் சுற்றும் விசிறி நின்றுபோனால் அமைதியை வைத்தே கண்டுபிடிக்கலாம், ஆனால் இப்படி அடங்கி ஓடும் விசிறி நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு சின்ன பஸர் வைத்து, ஐந்து வினாடிக்குத் துடிப்பே வராவிட்டால் கத்தும்படி புரோகிராமில் எழுதுங்கள். சோதிக்க விரலால் விசிறியை நிறுத்த வேண்டாம், கணினி ஓடும்போது வேகச் செய்தி வயரை மட்டும் ஆர்டுயினோவிலிருந்து கழற்றுங்கள். பஸர் கத்த வேண்டும். வயரைச் செருகியிருக்கும்போதே கத்துகிறது என்றால் அந்தப் பின்னை 5 வோல்டுக்கு இழுத்துப் பிடிக்கும் மின்தடை இல்லை என்று அர்த்தம். ஆர்டுயினோவுக்குள் இருக்கும் மின்தடையைப் புரோகிராமில் இயக்கிவிடுங்கள், அல்லது வெளியே ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள்.